பிள்ளைக்கு என்ன பேர்?

தூத்துக்குடிக்காரன் தன் பேரைச் சொன்னால் எதிரில் இருப்பவர் அடுத்த கேள்வி கேட்காமல் விடுவதில்லை. "பர்னாந்துன்னா கோவாவா?" சென்னையிலும் பெங்களூருவிலும் வேலை மாறும்போதெல்லாம் முதல் வாரம் இந்தக் கேள்வியோடுதான் போகும். இல்லை, தூத்துக்குடி. அப்போ ஆங்கிலோ இந்தியனா? இல்லை, பரதவர். முத்துக் குளித்தவர்கள், சங்கு எடுத்தவர்கள், தோணியில் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போனவர்கள். எங்கள் தெருவில் பர்னாந்து, ரோச், கோமஸ், மச்சாது, மோத்தா, வாஸ், கொரேரா எல்லோரும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் தாய்மொழி தமிழ்தான். போர்ச்சுகலின் தலைநகர் எதுவென்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது.

இதையெல்லாம் இப்போது சொல்லக் காரணம் என் தங்கச்சி. அயர்லாந்தில் கார்க் நகரத்தில் நர்ஸாக இருக்கிறாள். மாப்பிள்ளையும் எங்கள் ஊர்தான், பர்னாந்துதான். அவளுக்கு இப்போது ஏழு மாசம். நம் ஊரில் ஸ்கேன் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்வது சட்டப்படி குற்றம், அங்கே சொல்லிவிடுகிறார்கள். பையன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் பூசை முடிந்து வந்த நேரமாகப் பார்த்து, அவள் ஒரு குரல் செய்தி போட்டாள். "நாங்க பிள்ளைக்கு ஐரிஷ் பேரு ஒண்ணு வைக்கலாம்னு இருக்கோம். பழைய பேரு, அவங்க ஊரு பேரு. நீங்க என்ன சொல்லுதீங்க?"

என்ன சொல்லுதீங்க என்று எங்கள் குடும்பத்தில் கேட்கவே கூடாது. கேட்டால் சொல்லிவிடுவோம்.

முதலில் வந்தது ஆச்சியின் பதில். ஆச்சிக்கு எண்பத்து நாலு. அவளுக்கு இதில் சிக்கலே இல்லை. "சந்தியாகப்பர் பேரு இருக்கு, சவேரியார் பேரு இருக்கு, உங்க தாத்தா பேரு இருக்கு. இருக்கத விட்டுட்டு எங்கயோ போய் எதுக்குட்டி தேடுத?" அடுத்து சித்தப்பா மகன். தமிழ் மேல் உயிரையே வைத்திருக்கிறவன். வளவன், எழிலன், பாரி என்று பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு பட்டியலை அனுப்பினான். கூடவே ஒரு வரி: "ஐநூறு வருசம் அடுத்தவன் பேரைச் சுமந்தது போதும்க்கா." ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியரான பெரியப்பா கடைசியாக வந்தார். "ஆஷ் துரை ஊரு பேரா?" என்று மட்டும் எழுதிவிட்டுப் போய்விட்டார்.

நான் தாய்மாமன். எங்கள் பக்கத்தில் பிள்ளைக் காரியங்களில் தாய்மாமனுக்கு ஒரு இடம் உண்டு. சும்மா தலையாட்டிவிட்டுப் போக முடியாது. அதனால் தங்கச்சி அனுப்பிய பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

*

ஐரிஷ் மொழியின் எழுத்துக் கூட்டலைப் பார்த்தால் முதலில் தலை சுற்றும். ரோமன் எழுத்துதான், ஆனால் நமக்குத் தெரிந்த ஆங்கில ஒலியில் வாசிக்க முடியாது. எஸ்ஸுக்கு அடுத்து ஈ வந்தால் 'ஷ'. 'ஷான்' என்ற பேரின் 'ஆ'வுக்கு மேல் ஒரு சாய்கோடு உண்டு, ஃபாதா என்பார்கள். அந்தக் கோடு இருந்தால் ஆளின் பேர், இல்லாவிட்டால் 'பழைய' என்று பொருள் தரும் வேறு சொல். நம் குறில் நெடில் கதைதான். மென்பொருள் எழுதுகிறவனாக எனக்கு இதில் ஒரு தொழில்முறை அனுதாபம் உண்டு. ஃபாதாவை விழுங்கிவிடுகிற கணினிப் படிவங்களைப் பற்றி அயர்லாந்தில் புலம்புகிறார்கள். இன்ஷியல் மட்டும் உள்ள தமிழனிடம் 'குடும்பப் பெயர் கட்டாயம்' என்று சிவப்பு எழுத்தில் அடம்பிடிக்கிற படிவங்களைப் பற்றி நாம் புலம்புகிறோம். உலகத்தில் எல்லோருக்கும் முதல் பேர் ஒன்று, கடைசிப் பேர் ஒன்று இருக்கும் என்று எவனோ ஒருத்தன் முடிவு செய்து எழுதிய நிரல் அது.

பட்டியலில் முதல் பேர் ஓஷீன். அயர்லாந்துப் பழங்கதைகளில் வரும் வீரனும் கவிஞனுமானவன். பொருள் மான்குட்டி. அழகான பேர். ஆனால் தமிழில் எழுதிப் பார்த்தபோது விதி தெரிந்துவிட்டது. லீவுக்கு ஊருக்கு வந்தால் இரண்டாம் நாளே தெருப் பிள்ளைகள் 'ஓசி' என்று கூப்பிடும். அடுத்தது கிலியன். ஒரு நடிகரால் உலகமெல்லாம் தெரிந்த பேர். தமிழில் கிலி என்றால் என்னவென்று தங்கச்சிக்கே ஞாபகம் வந்து அவளே அடித்துவிட்டாள். ஃபியன் என்று ஒன்று. அதற்கு 'வெண்மையானவன்' என்று பொருள். "நம்ம வீட்டுப் பிள்ளைக்கா?" என்று அம்மா கேட்டாள். ரோனன் என்று ஒன்று, சின்னக் கடல்நாய். மன்னார் வளைகுடாவில் கடல்நாய் கிடையாது, ஆவுளியாதான் உண்டு. ஆனால் கடலோடிக் குடும்பத்துக்குக் கடல் பிராணியின் பேர் பொருந்தும் என்று அப்பா சொன்னார். அப்பா எதையாவது ஆதரித்து அன்றுதான் பார்த்தேன்.

பட்டியலில் ஷானும் இருந்தது. அதில்தான் எனக்கு முதல் சந்தேகம் தட்டியது. ஷான் அயர்லாந்தின் அசல் அடையாளம் போலத் தெரிகிற பேர். ஆனால் அது ஐரிஷ் வேர்ச்சொல்லிலிருந்து வந்ததல்ல. 12ஆம் நூற்றாண்டில் அயர்லாந்துக்குள் வந்த நார்மன்கள் பிரெஞ்சு உச்சரிப்பில் கொண்டுவந்த ஜான்தான் அங்கே ஷான் ஆனது. ஜான் என்பது எபிரேயத்தில் 'கடவுள் அருளினார்'. போர்த்துக்கீசியத்தில் ஜுவாம். நம் முன்னோர் அதை ஒலியால் எடுக்காமல் பொருளால் எடுத்து அருளப்பர் என்றார்கள். ஆக, தங்கச்சி பிள்ளைக்கு ஷான் என்று வைத்தால் ஆச்சி கேட்கிற அருளப்பர் பேரையேதான் வைக்கிறாள். எங்கள் ஆச்சியின் அப்பா பேர் அருளப்பன்.

பழைய தமிழ்க் கத்தோலிக்கர்கள் இதில் கெட்டிக்காரர்கள். பவுல் என்றால் லத்தீனில் சிறியவர், ஆகவே சின்னப்பர். ஸ்தேவான் என்றால் கிரேக்கத்தில் மணிமுடி, ஆகவே முடியப்பர். அந்திரேயா என்றால் ஆண்மை, வலிமை, ஆகவே பலவேந்திரர். பேச்சில் பெலவேந்திரம். வீரமாமுனிவர் தேம்பாவணியில் சூசையப்பரை வளன் என்றார். யோசேப்பு என்ற எபிரேயப் பேருக்கு 'பெருகச் செய்பவர்' என்று பொருள், வளம் என்ற சொல்லிலிருந்து வளன் வந்தான். 1995இல் பொது மொழிபெயர்ப்பாகத் திருவிவிலியம் வந்தபோது யோவானும் பேதுருவும் பவுலும் பூசை வாசகங்களில் ஏறினார்கள். அருளப்பரும் இராயப்பரும் சின்னப்பரும் பாட்டிமார் வாயிலும் பழைய கோயில்களின் கல்வெட்டிலும் நின்றுவிட்டார்கள். என் வயதுக்காரர்களுக்குச் சின்னப்பன் என்பது பழைய ஆளின் பேர், பால் என்பது நவீனமான பேர். இரண்டும் ஒன்றுதான் என்று ஞானோபதேச வகுப்பில் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

*

இனி பர்னாந்துக்கு வருவோம். தம்பி சொன்ன ஐநூறு வருசக் கணக்கு கிட்டத்தட்ட சரிதான்.

1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்களுக்கும் அதே கடலில் முத்து வணிகம் செய்த முஸ்லிம்களுக்கும் இடையில் பெரிய மோதல் நடந்தது. அந்த நெருக்கடியில் ஜுவாம் த குரூஸ் என்ற குதிரை வணிகரின் யோசனைப்படி பரதவப் பெரியவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்த்துக்கீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். போர்த்துக்கீசியரிடம் கப்பல் இருந்தது, பீரங்கி இருந்தது. பதிலுக்கு ஞானஸ்நானம். சில வருடங்களுக்குள் கடற்கரை ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருமுழுக்குப் பெற்றன. 1542இல் சவேரியார் வந்தபோது பேரளவில் கிறிஸ்தவர்களாக இருந்த மக்களைத்தான் பார்த்தார். கை ஓய்ந்துபோகும் வரை ஞானஸ்நானம் கொடுத்ததாக அவர் கடிதத்தில் எழுதினார். முழுக்குப் பெற்ற ஒவ்வொருவருக்கும் அவரவர் புதுப் பேரை எழுதிக் கையில் கொடுத்ததாகவும் இன்னொரு கடிதத்தில் சொல்கிறார்.

அந்தக் காட்சியை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. கடலிலிருந்து கரையேறிய ஒருத்தன், கையில் ஒரு துண்டு எழுத்து. அதில் இருப்பது இனிமேல் அவன் பேர். அவனால் அதை வாசிக்க முடிந்திருக்குமா? வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் அதை எப்படிச் சொல்லியிருப்பான்? அந்தப் பேர் எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரிய வழியில்லை. பர்னாந்து என்பது போர்த்துக்கீசியச் சொல்கூட இல்லை. ஐரோப்பாவின் வடக்கேயிருந்து இறங்கி வந்து ஐபீரியாவை ஆண்ட விசிகோத்துகள் விட்டுச்சென்ற ஜெர்மானியப் பேர் அது. துணிந்த பயணி என்று பொருள் சொல்வார்கள். சேவியர் என்பது பாஸ்க் மொழியில் 'புதுவீடு' என்ற சொல்லிலிருந்து வந்த ஊர்ப்பேர். எங்கள் ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு சேவியர் மேல்தான் விழ வேண்டும். அத்தனை பேரும் புதுவீட்டுக்காரர்கள்.

ஆக, எங்கள் பேர்கள் பயத்தில் வாங்கிய பேர்கள். இதை அழகுபடுத்திச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. வலியவனிடம் அடைக்கலம் புகுந்ததற்கான ரசீது அது. ஆனால் 1658இல் டச்சுக்காரர்கள் வந்து போர்த்துக்கீசியரைத் துரத்திவிட்டார்கள். பாதுகாப்புக் கொடுத்தவன் போய்விட்டான். புதிதாக வந்தவன் கத்தோலிக்கத்தை விடச் சொல்லி நெருக்கினான். பேருக்காக ஒரு காசு ஆதாயம் கிடையாது, தொல்லைதான். விட்டிருக்கலாம். விடவில்லை. ரசீதாக வந்தது நூறு வருடத்தில் சொந்தப் பேராகிவிட்டிருந்தது. அதன்பிறகு அந்தப் பேரோடுதான் சங்கு குளித்தார்கள், பனிமய மாதாவுக்குத் தங்கத்தேர் இழுத்தார்கள். நகராட்சித் தலைவராக இருந்து வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தவர் ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து. குழாயில் தண்ணீர் வந்தபோது எந்த ஊர்க்காரனும் இது லிஸ்பன் பேராயிற்றே என்று யோசித்திருக்க மாட்டான்.

தம்பிக்கு இதை எழுதினேன். அவன் விடவில்லை. "அது அவங்களுக்கு வேற வழியில்லாம நடந்தது. அக்காவுக்கு என்ன நெருக்கடி?"

நியாயமான கேள்வி. அதற்குப் பிறகு வருகிறேன்.

*

பெரியப்பாவின் ஆஷ் துரை. ராபர்ட் வில்லியம் ஆஷ் அயர்லாந்துக்காரர். 1908இல் வ.உ.சி.யின் சுதேசி கப்பல் கம்பெனியும் கோரல் மில் வேலைநிறுத்தமும் நடந்த நாட்களில் தூத்துக்குடியில் அதிகாரியாக இருந்தவர். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில் ரயில் பெட்டிக்குள் வைத்து வாஞ்சிநாதன் அவரைச் சுட்டார். இன்று அந்த நிலையத்துக்கு வாஞ்சி மணியாச்சி என்று பேர். ஆஷ் நினைவு மண்டபமும் தூத்துக்குடியில் நிற்கிறது. தன் ஊர் இன்னொரு தேசத்துக்கு அடிமையாக இருக்கையில் அதே எஜமானனுக்காக இன்னொரு ஊரை ஆளப் போனவர். பெரியப்பாவின் கோபத்தில் அர்த்தம் இருக்கிறது.

ஆனால் எங்கள் பக்கத்துக்கு வந்த அயர்லாந்துப் பிறவி அவர் ஒருத்தர் மட்டுமில்லை. இடையன்குடியில் வாழ்ந்து திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர். பிறந்த இடம் அயர்லாந்தின் ஆன்ட்ரிம். அவர் பேரில் தூத்துக்குடியில் பள்ளி இருக்கிறது. நெல்லைப் பக்கம் கால்டுவெல் என்று பேர் வைத்த ஆட்களும் இருக்கிறார்கள். டோனாவூரில் கோயில் பெண் குழந்தைகளுக்காக வாழ்க்கையைக் கொடுத்த ஏமி கார்மைக்கேல் டவுன் மாவட்டத்துக்காரர். எட்டயபுரத்து பாரதி குருவாக ஏற்ற நிவேதிதை, டங்கானனில் பிறந்த மார்கரெட் நோபிள். அவர் பேரையே மாற்றிக்கொண்டவர். 'நிவேதிதா' என்று விவேகானந்தர் வைத்த பேரில்தான் வாழ்ந்தார். ஐரிஷ்காரி தன் பேரை விட்டு இந்தியப் பேர் வைத்துக்கொண்டபோது அவரை யாரும் வேர் அறுந்தவள் என்று சொல்லவில்லை, பெருமைதான் பட்டோம். அந்தக் கதவு ஒரு பக்கம் மட்டும் திறக்குமா என்று பெரியப்பாவிடம் கேட்டேன்.

"அவா பேரை மாத்திட்டு நமக்காகப் பாடுபட்டா" என்றார். "நம்ம பிள்ளை என்ன, அயர்லாந்துக்காகப் பாடுபடப் போறானா?"

"அவங்க அம்மை அங்க ராத்திரி ஷிப்டு பாத்துக்கிட்டுதான இருக்கா பெரியப்பா" என்றேன். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை.

நம் வீடுகளில் அயர்லாந்து ஏற்கெனவே இருந்திருக்கிறது, நாம்தான் கவனிக்கவில்லை. தாத்தா வீட்டில் இருந்தது மர்ஃபி ரேடியோ. குழந்தைப் படம் போட்ட கம்பெனி. கம்பெனி இங்கிலாந்துடையது, பேர் ஐரிஷ். மர்ஃபி என்பது 'மூர்ஹா' என்ற பழைய பேரிலிருந்து வந்தது, கடல் வீரன் என்று பொருள். புயல் சின்னம் பற்றி வானிலை அறிக்கை கேட்கத் தாத்தா காதை ஒட்டி வைத்திருந்த பெட்டியின் மேல் கடல் வீரன் என்று எழுதியிருந்திருக்கிறது. பரதவன் வீட்டுக்கு அதைவிடப் பொருத்தமான ரேடியோ கிடைத்திருக்காது.

*

எது பரம்பரைப் பேர் என்ற கேள்வியில் அயர்லாந்தும் நம்மைப் போலவே குழம்பிய ஊர். ஆங்கில ஆட்சியில் அவர்கள் பேர்கள் சிதைந்தன. குடும்பப் பேரின் முன்னால் இருந்த 'ஓ', அதாவது பேரன் என்று பொருள்படும் சொல், பலருக்குக் காணாமல் போனது. 'டைக்' என்ற பேருக்குக் கவிஞன் என்று பொருள். அந்தப் பேர் உள்ளவனை எழுத்தர்கள் டிமத்தி என்று பதிந்தார்கள். இரண்டுக்கும் முதல் எழுத்தைத் தவிர எந்த உறவும் கிடையாது. 1893இல் கேலிக் லீக் என்ற மொழி இயக்கம் தொடங்கியது. ஆட்கள் பழைய பேர்களைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். அயர்லாந்து விடுதலையின் பெரிய தலைவர் எட்வர்ட் என்று ஞானஸ்நானம் பெற்று நியூயார்க்கில் பிறந்தவர். கேலிக் லீக்கில் சேர்ந்த பிறகு ஏமன் ஆனார். ஆனால் அப்பா வழி வந்த ஸ்பானியக் குடும்பப் பேரை அவர் விடவில்லை. ஏமன் டி வலேரா. ஐபீரியப் பேர் உள்ள ஒருத்தர் ஐரிஷ் தேசத்துக்கே தலைவராக இருந்திருக்கிறார் என்றால், பர்னாந்து என்ற பேரோடு ஒருத்தன் தமிழனாக இருப்பதில் என்ன அதிசயம்?

இங்கே அதே காலத்தில் மறைமலையடிகள் வேதாசலம் என்ற பேரை மாற்றினார். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். அதே இயக்கத்தின் வீட்டில்தான் 1953இல் பிறந்த பிள்ளைக்கு ஸ்டாலின் என்றும் பேர் வைத்தார்கள். தமிழ்ப் பேரும் தூரத்துப் பேரும் ஒரே வீட்டில், ஒரே மனசோடு வைக்கப்பட்டவை. ஒன்று வேரைக் காட்டுகிறது, இன்னொன்று ஆசையைக் காட்டுகிறது. நம் ஆட்கள் இரண்டையும் எப்போதும் செய்துவந்திருக்கிறார்கள்.

எனவே அயர்லாந்துப் பேர் கூடாது என்பதற்கு, அது அந்நியம் என்ற காரணம் எனக்குப் போதவில்லை. என் கவலை வேறு இடத்தில் இருந்தது. தம்பி கேட்ட கேள்வி: அக்காவுக்கு என்ன நெருக்கடி?

*

2025 ஜூலை, ஆகஸ்டில் டப்ளினிலும் வேறு ஊர்களிலும் இந்தியர்கள் தாக்கப்பட்ட செய்திகள் அடுத்தடுத்து வந்தன. ஆகஸ்ட் தொடக்கத்தில் டப்ளினில் உள்ள இந்தியத் தூதரகம் எச்சரிக்கையாக இருக்கும்படி அறிவிப்பு வெளியிட்டது. அடிபட்டவர்களில் சின்னப் பிள்ளைகூட இருந்தாள். அந்த நாட்களில் தங்கச்சி இரவு வேலை முடிந்து வரும்போது மாப்பிள்ளை பஸ் நிறுத்தத்துக்கே போய்க் காத்திருப்பார். எங்களிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளைதான் சொன்னார்.

அதனால் நேராகவே கேட்டேன். "பயத்துலயா இந்தப் பேரு வைக்க?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "எல்லாம் கலந்துதாண்ணே" என்றாள். "அவன் பள்ளிக்கூடத்துல பேரு வாசிக்கும்போது டீச்சர் அவன் பேருகிட்ட வந்து தயங்கக் கூடாது. எனக்கு அந்தத் தயக்கம் தினமும் இருக்கு. அது ஒண்ணு. இன்னொண்ணு, எனக்கு இந்த ஊரு பிடிச்சிருக்கு. நான் முதமுதல்ல வந்தப்ப பக்கத்து வீட்டுப் பாட்டி மழையில குடையோட வந்து காய்கறிக் கடையைக் காட்டிக்குடுத்தா. என் வார்டுல சாகப்போற கிழவங்க என் கையப் பிடிச்சுக்கிட்டு ஐரிஷ்ல செபம் சொல்லுவாங்க. நானும் அதைக் கத்துக்கிட்டேன். அவங்க ஊரு பேரு ஒண்ணை நான் ஆசையா எடுத்துக்கிட்டா என்ன?"

அவள் சொன்னதில் பயத்தையும் ஆசையையும் பிரித்து எடுக்க எனக்குத் தெரியவில்லை. முதன்முதலாகப் பேர் எழுதிய துண்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன பரதவனுக்கும் இரண்டும் கலந்துதான் இருந்திருக்குமோ என்று தோன்றியது. ஒன்றை மட்டும் சொன்னேன். பேர் கவசம் ஆகாது. கல்லை எடுக்கிறவன் பேரைக் கேட்டுவிட்டு எறிவதில்லை, முகத்தைப் பார்த்து எறிகிறான். ஆசைக்காக வைத்தால் வை, பாதுகாப்புக்காக என்றால் வேண்டாம். பாதுகாக்காத நாளில் அந்தப் பேர் மேலேயே உனக்குக் கோபம் வரும்.

"தெரியும்" என்றாள். "நர்ஸுகிட்ட சொல்லுத பாரு."

*

பட்டியலின் கடைசியில் ஒரு பேர் இருந்தது. ஆங்கில எழுத்தில் பார்த்து சியாரன் என்று வாசித்துத் தள்ளிவைத்திருந்தேன். உச்சரிப்பைக் கேட்டபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஐரிஷில் கீயரான். ஆங்கிலம் பேசுகிறவர்கள் வாயில் கீரன். நக்கீரன், மோசிகீரன் என்கிறோமே, அதே கீரன்.

6ஆம் நூற்றாண்டில் ஷானன் ஆற்றங்கரையில் குளோன்மக்னாய்ஸ் மடத்தை நிறுவியவர் புனித கீயரான். ஆக, ஆச்சிக்குப் புனிதர் பேர். தம்பிக்குச் சங்கப் புலவர் பேர். தங்கச்சிக்கு அயர்லாந்துப் பழம்பேர். நக்கீரர் சங்கு அறுத்து வளையல் செய்யும் குலத்தில் வந்தவர் என்று நம் மரபுக்கதை சொல்கிறது. சங்கை அறுக்கும்போது வரும் 'கீர்' என்ற சத்தத்தோடு அந்தப் பேரைச் சேர்த்துச் சொல்பவர்களும் உண்டு. கொற்கையை அகழ்ந்தபோது அறுத்த சங்கு கிடைத்திருக்கிறது. அந்தச் சங்கை எடுத்துக் கொடுத்த கடல் எங்களுடையது. ஒலி ஒற்றுமைதான், இரண்டு பேருக்கும் எந்த உறவும் கிடையாது. இருந்தாலும் குழுவில் போட்டேன். தம்பி இதயம் போட்டான். பெரியப்பா கட்டைவிரல் போட்டார். அப்பா மட்டும் ரோனனுக்காக இரண்டு நாள் வருத்தத்தோடு இருந்தார்.

தங்கச்சி பதில் போடவில்லை. ராத்திரி தனியாகக் கூப்பிட்டாள்.

"அந்தப் பேருக்கு என்ன அர்த்தம்னு பாத்தியாண்ணே?"

பார்த்திருந்தேன். 'கியர்' என்றால் கருப்பு. கீயரான் என்றால் சின்னக் கருப்பன்.

"இங்க என் பிள்ளை கருப்புன்னு எல்லாருக்கும் கண்ணு தெரியும். அதைப் பேருலயும் நானே எழுதி வைக்கணுமா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. நம் ஊரில் கருப்பசாமி உண்டு, மாயாண்டி உண்டு, கருத்தப்பாண்டி உண்டு. கண்ணன் என்றாலே கருப்பன்தான். கருப்பைச் சாமியாக்கிக் கும்பிட்ட மொழி இது. அதே மொழியில்தான் மணமகள் தேவை விளம்பரத்தில் 'சிவந்த நிறம்' என்று போடுகிறோம். பேர் விவாதம் நடந்த அதே வாரம் அம்மா கார்க்குக்கு ஒரு பார்சல் அனுப்பியிருந்தாள். கருவாட்டுப் பொடி, மக்ரூன், கூடவே ஒரு டப்பா குங்குமப்பூ. பாலில் போட்டுக் குடித்தால் பிள்ளை நிறமாகப் பிறக்கும் என்று. எங்கள் வீட்டிலேயே அந்தப் பிள்ளையின் நிறத்தைப் பற்றிய பயம் டப்பாவில் அடைத்து விமானம் ஏறியிருக்கிறது. அயர்லாந்துக்காரன் மேல் மட்டும் எப்படிக் குற்றம் சொல்வது?

இதை அவளிடம் சொன்னேன். சிரித்தாள். "டப்பாவைப் பிரிக்கவே இல்லை" என்றாள். பிறகு அவளே சொன்னாள். அவள் வார்டிலேயே ஒரு கீயரான் இருக்கிறாராம், வார்டு பாய். செம்பட்டை முடி, வெயில் பட்டால் சிவந்துபோகிற வெள்ளைத் தோல். பேரின் பொருளை அவரிடம் கேட்டாளாம். சின்ன வயதில் யாரோ சொன்னார்கள், மறந்துவிட்டது என்றாராம். ஆயிரம் வருடமாகப் புழங்கியதில் பொருள் தேய்ந்து, கூப்பிடுகிற சத்தம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பர்னாந்துவிலிருந்து துணிந்த பயணி தேய்ந்துபோன மாதிரி.

என் ஓட்டு கீரனுக்குத்தான். ஒலி பொருந்தியது என்பதற்காக இல்லை, அது ஒரு தற்செயல். பிள்ளைக்கு நிறத்தைப் பற்றி உலகம் என்றைக்காவது சொல்லத்தான் போகிறது. உலகம் வசையாகச் சொல்வதற்கு முன்னால் பெற்றவள் வாயிலிருந்து அது கொஞ்சலாக வந்திருந்தால் நல்லது என்று நினைக்கிறேன். சின்னக் கருப்பா என்று ஆச்சி என்னைக் கூப்பிட்டு வளர்த்தவள்தான். அது எனக்கு இன்றுவரை கெட்ட சொல்லாகக் கேட்டதில்லை. ஆனால் நான் வளர்ந்த தெருவில் எல்லோரும் கருப்பு. அவன் வளரப்போகும் தெரு அப்படி இல்லை. என் அனுபவம் அவனுக்கு எவ்வளவு தூரம் உதவும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தங்கச்சியிடமும் அப்படியே சொன்னேன்.

"முதல்ல முகத்தைப் பாப்போம்" என்றாள். அயர்லாந்தில் பிறப்பைப் பதிவு செய்ய மூன்று மாதம் அவகாசம் உண்டு. பிறகு ஞானஸ்நானம், கார்க்கிலேயே. ஞானத்தகப்பனாக நிற்க நான் விசாவுக்கு விண்ணப்பித்திருக்கிறேன்.

ஞானஸ்நானச் சடங்கு கோயில் வாசலில் ஒரு கேள்வியோடுதான் ஆரம்பிக்கும். உங்கள் பிள்ளைக்கு என்ன பேர் என்று சாமியார் கேட்பார். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் பெற்றோர். ஞானத்தகப்பனுக்குரிய கேள்வி அதற்கப்புறம்தான் வருகிறது. இந்தப் பிள்ளையை வளர்க்கும் கடமையில் பெற்றோருக்கு உதவத் தயாரா என்று கேட்பார்கள். அதற்கு மட்டும் நான் பதிலைத் தயாராக வைத்திருக்கிறேன்.